பொருளியல் ஆய்வுகளை மறுபடி ஓட்டிப் பார்க்கும் மாணவர் வேலை: புதிதாகச் சேர்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒரு பொருளியல் ஆய்விதழ் ஒரு கட்டுரையை ஏற்றுக்கொள்ள முடிவுசெய்துவிட்டது. மதிப்பாய்வாளர்களும் ஒப்புதல் சொல்லிவிட்டார்கள். ஆனாலும் அச்சுக்குப் போகும் முன் ஒரு படி பாக்கி இருக்கிறது. எழுதியவர்கள் தங்கள் தரவையும் கணினி நிரல்களையும் ஒப்படைக்க வேண்டும். வேறொருவர் அவற்றை வேறொரு கணினியில் ஓட்டி, கட்டுரையில் இருக்கும் அட்டவணைகள் அப்படியே வருகின்றனவா என்று பார்க்க வேண்டும். அந்த வேறொருவர் பல இடங்களில் இளங்கலையோ முதுகலையோ படிக்கும் ஒரு மாணவர்.

இந்த வேலைக்குப் பெரிய எடுத்துக்காட்டு அமெரிக்கப் பொருளியல் சங்கம். அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ உட்படப் பல ஆய்விதழ்களை நடத்தும் சங்கம் அது. 2018 முதல் அதன் தரவு ஆசிரியராக, அதாவது தரவு, நிரல் சரிபார்ப்புக்குப் பொறுப்பானவராக, இருந்து இந்த ஏற்பாட்டைக் கட்டியெழுப்பியவர் கார்னெல் பல்கலைக்கழகத்தின் லார்ஸ் வில்ஹூபர். 2019 ஜூலையில் சங்கம் தன் விதிகளை இறுக்கியது. அதன்பின் தரவும் நிரலும் சரிபார்க்கப்பட்ட பிறகுதான் கட்டுரை இறுதியாக ஏற்கப்படுகிறது. அந்தச் சரிபார்ப்பின் பெரும்பகுதியைக் கார்னெலில் இருக்கும் ஆய்வகத்தில் மாணவர்கள், அதிலும் இளங்கலை மாணவர்கள், செய்கிறார்கள். முனைவர் பட்டம் முடித்தவர்களின் வேலையை இரண்டாம் ஆண்டு மாணவர் சரிபார்ப்பதா என்று தயங்க வேண்டாம். வேலை என்ன என்று சரியாகப் புரிந்துகொண்டால் அந்தத் தயக்கம் போய்விடும்.

உங்கள் வேலை அந்த ஆய்வு நல்ல ஆய்வா, முடிவு உண்மையா என்று தீர்ப்புச் சொல்வதல்ல. "இந்தத் தரவை வைத்து, இந்த நிரலை, இந்த வரிசையில் ஓட்டினால் இந்த எண்கள் வரும்" என்று எழுதியவர்கள் சொல்கிறார்கள். நீங்கள் அதன்படியே செய்து, என்ன நடந்தது என்று இன்னொருவர் உங்களைக் கேட்காமலேயே திரும்பச் செய்யும் அளவுக்கு எழுதிவைக்கிறீர்கள். ஓட்டுவது பாதி வேலை, எழுதிவைப்பது மறுபாதி. புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இந்த இரண்டாவது பாதியில்தான். அதனால் இந்தக் கட்டுரையிலும் அதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்?

2015-இல் அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் ஆய்வறிக்கைத் தொடரில் ஆண்ட்ரூ சாங், ஃபிலிப் லி என்ற இருவர் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். 13 ஆய்விதழ்களிலிருந்து 67 கட்டுரைகளை எடுத்து, அவற்றின் முக்கிய முடிவுகளைத் திரும்பப் பெற முயன்றார்கள். எழுதியவர்களின் உதவி இல்லாமல் தேறியவை 22 மட்டுமே. ரகசியத் தரவு தேவைப்பட்டவற்றையும், தங்களிடம் இல்லாத மென்பொருள் தேவைப்பட்டவற்றையும் தள்ளிவிட்டு, எழுதியவர்களிடம் கேட்டு உதவி பெற்ற பிறகும் 59-இல் 29தான் தேறின. மற்றவை எல்லாம் பொய் என்று இதற்குப் பொருளில்லை. பெரும்பாலும் ஃபைல் காணவில்லை, நிரலின் ஒரு பகுதி காணவில்லை, எதை முதலில் ஓட்டுவது என்று குறிப்பு இல்லை, அவ்வளவுதான். ஆனால் படிக்கிறவருக்கு விளைவு ஒன்றுதான்: எண் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வழியில்லை.

மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொரு நிகழ்வும் உண்டு. கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் இருவரும் 2010-இல் வெளியிட்ட கட்டுரை, அரசின் கடன் ஜிடிபியில் 90 சதவீதத்தைத் தாண்டிய வளர்ந்த நாடுகளில் சராசரி வளர்ச்சி மைனஸ் 0.1 சதவீதம் என்றது. அரசுகள் செலவைக் குறைக்க வேண்டும் என்று வாதிட்டவர்கள் அதை அடிக்கடி மேற்கோள் காட்டினார்கள். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹர்ஸ்ட் வளாகத்தில் படித்துக்கொண்டிருந்த தாமஸ் ஹெர்ண்டன், வகுப்புப் பயிற்சிக்காக அந்த எண்களைத் திரும்பப் பெற முயன்றார். வரவில்லை. கட்டுரை எழுதியவர்களிடம் கேட்டு எக்செல் தாளை வாங்கிப் பார்த்தபோது, சராசரி எடுக்கும் சூத்திரம் ஐந்து வரிசைகளை விட்டுவிட்டது தெரிந்தது. ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஆகிய ஐந்து நாடுகள் கணக்கிலேயே வரவில்லை. அவரும் அவருடைய பேராசிரியர்கள் மைக்கேல் ஆஷ், ராபர்ட் பாலின் இருவரும் 2013-இல் வெளியிட்ட திருத்தக் கணக்கில் அதே சராசரி 2.2 சதவீதம் என்று வந்தது. இந்த வித்தியாசம் முழுவதும் சூத்திரப் பிழையால் வந்ததல்ல. சில ஆண்டுகளின் தரவு சேர்க்கப்படாததும், நாடுகளுக்கு எடை கொடுத்த விதமும் சேர்ந்துதான் அவ்வளவு பெரிய மாற்றம். சூத்திரப் பிழையை ரைன்ஹார்ட்டும் ரோகாஃபும் ஒப்புக்கொண்டார்கள், மற்ற இரண்டையும் மறுத்து வாதிட்டார்கள். எண் எந்தச் செல்லிலிருந்து வந்தது என்று ஒரு மாணவர் பார்க்க முடிந்ததால்தான் அந்த விவாதமே சாத்தியமாயிற்று.

வேலை எங்கே கிடைக்கும்?

முதலில் உங்கள் பல்கலைக்கழகத்திலேயே விசாரியுங்கள். எகனாமிக் ஜர்னல், ரிவ்யூ ஆஃப் எகனாமிக் ஸ்டடீஸ், எகனாமெட்ரிக் சொசைட்டியின் ஆய்விதழ்கள் என்று பலவற்றுக்கும் இப்போது தரவு ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எந்தப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறார்களோ அங்கே உதவியாளர்கள் தேவைப்படுவது இயல்பு. பிரான்ஸில் காஸ்காட் என்ற அமைப்பு, ஆய்வாளர்கள் கேட்டால் அவர்களுடைய முடிவுகளை ஓட்டிப் பார்த்துச் சான்றிதழ் தருகிறது. அரசியல் அறிவியலில் அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் பொலிட்டிகல் சயின்ஸ் இதழுக்காக நார்த் கரோலைனா பல்கலைக்கழகத்தின் ஓடம் நிறுவனம் இதே மாதிரிச் சரிபார்ப்பைச் செய்துவந்திருக்கிறது. ஒட்டாவா பல்கலைக்கழகத்தின் ஏபல் ப்ரோடர் தொடங்கிய இன்ஸ்டிட்யூட் ஃபார் ரெப்ளிகேஷன், 'ரெப்ளிகேஷன் கேம்ஸ்' என்ற பெயரில் ஒருநாள் நிகழ்ச்சிகளை நடத்துகிறது. சிறு குழுக்களாக உட்கார்ந்து ஆளுக்கொரு கட்டுரையைப் பிரித்துப் பார்ப்பார்கள். அது சம்பள வேலை இல்லை, ஆனால் பழகிக்கொள்ள நல்ல இடம்.

பொதுவான விளம்பரங்களில் 'ரிசர்ச் அசிஸ்டன்ட்', 'ரெப்ளிகேட்டர்', 'ரீப்ரொட்யூசிபிலிட்டி' போன்ற சொற்களைத் தேடுங்கள். எதுவும் கண்ணில் படவில்லையென்றால் உங்கள் துறைப் பேராசிரியரிடம் நேரடியாகக் கேட்கலாம். "உங்கள் கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்பும் முன் தரவும் நிரலும் அடங்கிய தொகுப்பை வேறு கணினியில் ஓட்டிப் பார்த்துத் தருகிறேன்" என்று ஒரு மாணவர் வந்து சொன்னால் மறுக்கிறவர்கள் குறைவு. சங்கத்தின் விதி வந்த பிறகு அது அவர்களுக்கே தேவைப்படும் உதவி.

விண்ணப்பிக்கும் முன் ஒரு பயிற்சி

இது எல்லோராலும் செய்யக்கூடியது, செலவும் இல்லை. அமெரிக்கப் பொருளியல் சங்கத்தின் தொகுப்புகள் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இருந்து இயங்கும் ஓப்பன் ஐசிபிஎஸ்ஆர் என்ற களஞ்சியத்தில் இருக்கின்றன. இலவசக் கணக்குத் தொடங்கி, சிறிய தொகுப்பு ஒன்றைப் பதிவிறக்குங்கள். உங்களிடம் ஸ்டேட்டா என்ற கட்டணப் புள்ளியியல் மென்பொருள் இல்லையென்றால் ஆர் அல்லது பைத்தானில் எழுதப்பட்ட தொகுப்பாகப் பார்த்து எடுங்கள், அவை இரண்டும் இலவசம். ஒரே ஒரு அட்டவணையை மட்டும் இலக்காக வைத்து ஓட்டுங்கள். என்ன செய்தீர்கள், என்ன வந்தது என்று இரண்டு பக்கம் எழுதுங்கள். நேர்முகத்தில் "எனக்கு ஸ்டேட்டா தெரியும்" என்று சொல்வதைவிட அந்த இரண்டு பக்கம் பல மடங்கு பேசும்.

என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று கேட்டால், நினைப்பதைவிடக் குறைவு. ஃபோல்டர், ஃபைல் பாதை ஆகியவை எப்படி வேலை செய்கின்றன என்று தெரிய வேண்டும். கமாண்ட் லைனில் பயமில்லாமல் நாலு வரி அடிக்கத் தெரிய வேண்டும். கிட் (ஃபைல்களில் செய்யும் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கருவி), மார்க்டவுன் (எளிய குறிகளோடு உரை எழுதும் முறை) இரண்டும் பெரும்பாலும் வேலையில் சேர்ந்த பிறகு சொல்லித் தருவார்கள். ஸ்டேட்டா நிரலை வாசிக்கத் தெரிவது மிக முக்கியம், ஏனென்றால் பொருளியல் தொகுப்புகளில் பெரும்பாலானவை அதில்தான் இருக்கின்றன. எழுதத் தெரியாவிட்டாலும் வாசிக்கத் தெரிந்தால் போதும். எகனாமெட்ரிக்ஸ், அதாவது பொருளியலுக்கான புள்ளியியல்? ஒரு ரெக்ரஷன் (மாறிகளுக்கு இடையிலான தொடர்பை மதிப்பிடும் கணக்கு) அட்டவணையைப் பார்த்து குணகம் (அந்தத் தொடர்பின் அளவு) எது, நிலைப்பிழை (அந்த மதிப்பீட்டின் நிச்சயமின்மை) எது, தரவுப்புள்ளிகளின் எண்ணிக்கை எங்கே இருக்கிறது என்று சொல்ல முடிந்தால் தொடங்கலாம்.

முதல் தொகுப்பு கைக்கு வந்ததும்

எதையும் ஓட்டாதீர்கள். முதலில் ரீட்மி ஃபைலை ஆரம்பம் முதல் கடைசிவரை படியுங்கள். பல சமூக அறிவியல் ஆய்விதழ்களின் தரவு ஆசிரியர்கள் சேர்ந்து இதற்கு ஒரு மாதிரிப் படிவமே தயாரித்திருக்கிறார்கள். தரவு எங்கிருந்து வந்தது, மற்றவர்கள் அதை எப்படிப் பெறலாம், என்ன மென்பொருள், எந்தப் பதிப்பு, ஓட எவ்வளவு நேரம் ஆகும், எந்த நிரல் எந்த அட்டவணையைத் தருகிறது என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். இல்லாதவற்றைப் படிக்கும்போதே குறித்துக்கொள்ளுங்கள். அறிக்கையின் முதல் பகுதி அங்கேயே உருவாகிவிடும்.

அப்புறம் கட்டுரையைத் திறந்து இரண்டு பட்டியல் போடுங்கள். ஒன்று, தரவு மூலங்கள். கட்டுரையிலும் பிற்சேர்க்கையிலும் எந்தத் தரவு பேசப்பட்டாலும் பட்டியலில் சேர வேண்டும், அது தொகுப்பில் இருக்கிறதா இல்லையா என்பது அடுத்த கேள்வி. இரண்டாவது பட்டியல், வெளியீடுகள்: எல்லா அட்டவணைகளும், எல்லா வரைபடங்களும், அதோடு உரையின் நடுவில் வரும் எண்களும். "மாதிரியில் 38 சதவீதம் பேர் பெண்கள்" என்று ஒரு வாக்கியம் இருந்தால் அந்த 38-ம் எங்கோ கணக்கிடப்பட்டதுதான். அட்டவணைக்கு நிரல் கொடுக்கிறவர்கள் இந்த எண்களுக்குக் கொடுக்க மறந்துவிடுவார்கள். சரிபார்க்கிறவர்களும் அவற்றை மறந்துவிடுவார்கள்.

மூன்றாவதாக, வந்த தொகுப்பை ஒரு எழுத்தும் மாற்றாமல் அப்படியே கிட்டில் முதல் பதிவாக ஏற்றுங்கள். இனி நீங்கள் தொடும் ஒவ்வொரு வரியும் அதற்குப் பின்னால் தனித் தனிப் பதிவாக வரும். எழுதியவர்கள் கொடுத்தது எது, நீங்கள் மாற்றியது எது என்ற சந்தேகம் எப்போதும் வரக் கூடாது.

தரவைப் பார்ப்பது

நிரலுக்குப் போவதற்கு முன் தரவு ஃபைல்களை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். மாறிகளுக்கு விளக்கம் இருக்கிறதா? "கே17பி" என்ற பெயரில் ஒரு மாறி இருந்து, 1, 2, 9 என்று மதிப்புகள் இருந்தால் அதற்கு அர்த்தம் எங்கே எழுதியிருக்கிறது?

இதைவிட முக்கியமானது, கணக்கெடுப்பில் கலந்துகொண்டவர்களை அடையாளம் காட்டும் விவரம் ஏதாவது தப்பித்தவறி உள்ளே வந்திருக்கிறதா என்பது. பெயர், தொலைபேசி எண், பிறந்த தேதி, வீட்டின் துல்லியமான அட்சரேகை தீர்க்கரேகை எல்லாவற்றையும் தேடுங்கள். கள ஆய்வுகளில் இது நடக்கக்கூடியது. பதில் சொன்ன அந்த மனிதர்கள் தங்கள் பெயர் வெளியே வராது என்ற நம்பிக்கையில் பேசியவர்கள். தொகுப்பு வெளியாவதற்கு முன் அதைப் பார்க்கப்போகும் கடைசி ஆள் நீங்களாகவே இருக்கலாம். அப்படி ஏதாவது கண்ணில் பட்டால் அறிக்கை முடியும்வரை காத்திருக்காமல் உடனே மேற்பார்வையாளருக்குத் தெரிவியுங்கள். அந்த விவரத்தை மின்னஞ்சலில் ஒட்டி அனுப்பாதீர்கள், எந்த ஃபைலில் எந்த மாறி என்று மட்டும் சொல்லுங்கள்.

பயன்பாட்டு உரிமையும் பார்க்க வேண்டும். இலவசமாகப் பதிவிறக்கக் கிடைக்கும் தரவெல்லாம் மறுபடி வெளியிடக்கூடியது அல்ல. பல ஆய்வாளர்கள் பயன்படுத்தும் ஐப்பம்ஸ் என்ற மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தரவு நல்ல எடுத்துக்காட்டு: பதிவுசெய்து யாரும் எடுக்கலாம், ஆனால் அனுமதி இல்லாமல் மற்றவர்களுக்கு விநியோகிக்கக் கூடாது. வரித்துறைத் தரவு, அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலகத்தின் பாதுகாக்கப்பட்ட மையங்களில் மட்டும் பார்க்கக்கூடிய தரவு போன்றவை தொகுப்பில் வரவே வராது. அந்தப் பகுதியை உங்களால் ஓட்ட முடியாது. அது தோல்வியல்ல. யாரிடம், எந்த நடைமுறையில் விண்ணப்பித்தால் அந்தத் தரவு கிடைக்கும் என்று ரீட்மி தெளிவாகச் சொல்கிறதா, அந்தத் தரவு கையில் இருந்தால் ஓடக்கூடிய நிரல் முழுமையாக இருக்கிறதா என்று பார்த்து எழுதுவதுதான் அங்கே உங்கள் வேலை.

ஓட்டுவது

முதலில் லாக் ஃபைலை இயக்குங்கள். திரையில் வருவது எல்லாம் ஒரு ஃபைலில் பதிவாக வேண்டும். எந்தக் கணினி, எந்த இயங்குதளம், மென்பொருளின் எந்தப் பதிப்பு, எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதும் அதிலேயே பதிவாகிவிட்டால் பின்னால் நினைவை நம்ப வேண்டியதில்லை.

முதல் ஓட்டத்திலேயே நிரல் நிற்கும். நின்றால் பதறாதீர்கள். பெரும்பாலும் காரணம் அற்பமானது. சி டிரைவில் தன் பெயரில் இருக்கும் ஃபோல்டரைக் கட்டுரையாசிரியர் நிரலுக்குள்ளேயே எழுதிவைத்திருப்பார், உங்கள் கணினியில் அது இருக்காது. விண்டோஸில் எழுதிய நிரலை லினக்ஸில் ஓட்டினால், ஃபைல் பெயரில் ஒரு எழுத்து பெரியதா சிறியதா என்பதே பிரச்சினையாகும். முடிவுகளைச் சேமிக்க வேண்டிய ஃபோல்டர் உருவாக்கப்பட்டிருக்காது. எஸ்ட்அவுட் மாதிரி தனியாக நிறுவ வேண்டிய துணை நிரல் எது என்று ரீட்மியில் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இந்த இடத்தில்தான் கெட்டிக்கார மாணவர்கள் தவறான பழக்கத்துக்குப் போகிறார்கள். அவர்களுக்குத் திருத்தத் தெரியும், சட்டென்று திருத்திவிட்டு மேலே போய்விடுவார்கள். கடைசியில் எல்லாம் ஓடிவிடும். ஆனால் ஏன் ஓடியது என்று யாருக்கும் தெரியாது. நீங்கள் மௌனமாகத் திருத்திய ஒவ்வொன்றும், அடுத்து அந்தத் தொகுப்பைப் பதிவிறக்கும் ஆளுக்கு மறுபடி ஒரு முட்டுக்கட்டை. ஆகவே ஒரு திருத்தம், ஒரு கிட் பதிவு, ஒரு வரி விளக்கம் என்று போங்கள். "பாதையை மாற்றினேன்", "வெளியீட்டு ஃபோல்டரை உருவாக்கினேன்" என்ற அளவு போதும்.

எதைத் திருத்தலாம், எதைத் திருத்தக் கூடாது என்பதற்கு நான் வைத்துக்கொள்ளும் எல்லை எளிது. நிரல் ஓடுவதற்காகச் செய்யும் மாற்றம் சரி. எண் மாறக்கூடிய மாற்றம் கூடாது. மாதிரியிலிருந்து யாரை விலக்குவது, எந்த மாறியைச் சேர்ப்பது என்பதைத் தொட்டால் அது ஆசிரியரின் ஆய்வாக இருக்காது. அங்கே தவறு இருப்பதாகத் தோன்றினால் அறிக்கையில் எழுதுங்கள், நிரலில் கை வைக்காதீர்கள்.

நேரத்துக்கும் ஒரு வரம்பு வையுங்கள். ஒரே பிழைச்செய்தியோடு மதியம் முழுக்க மல்லுக்கட்டுவது விடாமுயற்சி இல்லை. தேடிப் பார்த்து, இரண்டு மூன்று வழிகளில் முயன்று, அப்போதும் நகரவில்லையென்றால் முயன்றவற்றை எழுதி மேற்பார்வையாளரிடம் கேளுங்கள். நாள்கணக்கில் ஓடும் நிரல்களும் வரும். அவற்றைச் சர்வருக்கு அனுப்பலாமா, ஒரு பகுதியை மட்டும் ஓட்டினால் போதுமா என்று அவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஒப்பிடுவது

அட்டவணைகள் வந்துவிட்டன. இனி கட்டுரையை ஒரு பக்கமும் உங்கள் வெளியீட்டை மறுபக்கமும் வைத்து எண் எண்ணாகப் பார்க்க வேண்டும். "பார்த்தால் ஒரே மாதிரிதான் இருக்கிறது" என்பது ஒப்பீடு அல்ல. வரைபடங்களில் அச்சுகளின் அளவையும், கோடு எங்கே பூஜ்யத்தை வெட்டுகிறது என்பதையும் பாருங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது குணகத்தை அல்ல, தரவுப்புள்ளிகளின் எண்ணிக்கையை. அது வேறாக இருந்தால் மாதிரியே வேறு. தவறு பெரும்பாலும் ரெக்ரஷனில் இருக்காது, அதற்கு முன்னால் தரவைச் சுத்தம் செய்யும் இடத்தில் இருக்கும். எண்ணிக்கையும் குணகமும் பொருந்தி, நிலைப்பிழை மட்டும் வேறாக இருந்தால் நிலைப்பிழையைக் கணக்கிட்ட முறையையோ, பூட்ஸ்ட்ராப் (தரவிலிருந்தே மறுபடி மறுபடி மாதிரி எடுக்கும் முறை) இருந்தால் அதன் சீட் எண்ணையோ (சமவாய்ப்புத் தேர்வு ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வரக் கொடுக்கும் தொடக்க எண்) சந்தேகிக்கலாம். எல்லாமே கடைசித் தசம இடத்தில் மட்டும் கொஞ்சம் மாறினால் மென்பொருள் பதிப்பு காரணமாக இருக்கலாம். மற்றதெல்லாம் சரியாக இருந்து ஒரே ஒரு நெடுவரிசை மட்டும் பொருந்தாவிட்டால், பழைய வடிவத்திலிருந்து யாரோ கையால் நகலெடுத்து ஒட்டியிருக்க வாய்ப்பு அதிகம்.

அடிக்கடி எதிர்ப்படும் சில காரணங்களைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். ஸ்டேட்டா விடுபட்ட மதிப்பை எல்லா எண்களையும்விடப் பெரியதாக எடுத்துக்கொள்ளும். "வருமானம் 50,000-ஐவிட அதிகம் இருப்பவர்கள்" என்று நிபந்தனை எழுதினால், வருமானமே சொல்லாதவர்களும் பணக்காரர்கள் பட்டியலில் சேர்ந்துவிடுவார்கள். ஒரே மதிப்புள்ள வரிசைகள் பல இருக்கும்போது ஸ்டேட்டாவின் சார்ட் கட்டளை அவற்றை எப்படியும் அடுக்கலாம். அதன்பின் "ஒவ்வொரு குடும்பத்திலும் முதல் ஆளை எடு" என்று நிரல் சொன்னால், அடுத்தடுத்து ஓட்டும்போது வேறு வேறு ஆட்கள் வரக்கூடும். ஆர் மொழியில் 2019-இல் வந்த 3.6.0 பதிப்பு, சமவாய்ப்பாக மாதிரி எடுக்கும் சாம்பிள் கட்டளையின் இயல்பான முறையையே மாற்றியது. அதற்கு முன் எழுதிய நிரலில் சீட் எண் சரியாகக் கொடுத்திருந்தாலும் புதிய பதிப்பில் வேறு மாதிரிதான் வரும். ஸ்டேட்டாவின் துணை நிரல்கள் பல எஸ்எஸ்சி என்ற இணையக் களஞ்சியத்திலிருந்து வருபவை, அங்கே கடைசிப் பதிப்பு மட்டுமே இருக்கும். நல்ல தொகுப்புகள் தாங்கள் பயன்படுத்திய துணை நிரல்களை உள்ளேயே வைத்துத் தருவது அதனால்தான்.

அறிக்கை எழுதுவது

ஒரு எடுத்துக்காட்டோடு பார்ப்போம். கட்டுரையின் மூன்றாம் அட்டவணையில் நான்காம் நெடுவரிசை பொருந்தவில்லை என்று வைத்துக்கொள்வோம். புதிதாக வந்தவர் இப்படி எழுதுவார்:

"அட்டவணை 3 சரியாக வரவில்லை. தரவில் பிரச்சினை இருக்கலாம்."

இதைப் படிக்கும் கட்டுரையாசிரியர் என்ன செய்வார்? தன் கணினியில் ஓட்டிப் பார்ப்பார், அவருக்கு எல்லாம் சரியாக வரும். "எங்களுக்குச் சரியாகத்தான் வருகிறது" என்று பதில் எழுதுவார். ஒரு சுற்று வீணாகிவிடும். அதையே இப்படி எழுதலாம்:

"அட்டவணை 3, நெடுவரிசை 4: கட்டுரையில் குணகம் 0.042, எங்கள் ஓட்டத்தில் 0.047. தரவுப்புள்ளிகள் கட்டுரையில் 4,812, எங்கள் லாகில் 4,796. நெடுவரிசைகள் 1 முதல் 3 வரை முழுதும் பொருந்துகின்றன. நெடுவரிசை 4-இல் மட்டும் வருமானம் கட்டுப்பாட்டு மாறியாகச் சேர்கிறது. கொடுக்கப்பட்ட தரவில் வருமானம் விடுபட்ட குடும்பங்கள் 16, எண்ணிக்கையில் இருக்கும் வித்தியாசமும் 16. கட்டுரையின் எண்கள் இந்த மதிப்புகளை நிரப்பிய வேறொரு தரவுப் பதிப்பிலிருந்து வந்திருக்கக்கூடும். தயவுசெய்து சரிபார்த்து, சரியான தரவு ஃபைலையோ திருத்திய அட்டவணையையோ தரவும்."

என்ன பார்த்தோம், எங்கே பார்த்தோம், எது பொருந்துகிறது, என்ன காரணமாக இருக்கலாம், அவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று எல்லாமே அந்த ஒரு பத்தியில் இருக்கிறது. பார்த்ததும் ஊகித்ததும் கலக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். "வித்தியாசம் 16" என்பது பார்த்தது, "வேறொரு தரவுப் பதிப்பு" என்பது ஊகம். ஊகம் தவறாகப் போகலாம், பார்த்தது தவறாகப் போகக் கூடாது.

பொருந்தியதையும் எழுதுங்கள். பலர் பிழைகளை மட்டும் பட்டியல் போடுவார்கள். பத்து அட்டவணைகளில் எட்டு எந்தத் திருத்தமும் இல்லாமல் வந்தன என்பதும் ஆசிரியருக்கும் ஆய்விதழுக்கும் தெரிய வேண்டிய செய்திதான்.

தொனி பற்றி ஒரு வார்த்தை. எண் பொருந்தாத இடத்தில் மோசடி இருப்பதாக நினைக்கத் தோன்றும், குறிப்பாக முதல் சில தொகுப்புகளில். உங்கள் கையில் இருப்பது பொருந்தாத எண், அவ்வளவே. பல வருடம் உழைத்து எழுதிய கட்டுரையைத் திறந்து காட்டுகிற ஒருவருக்கு எழுதுகிறோம் என்ற மரியாதை ஒவ்வொரு வரியிலும் இருக்கட்டும். அதே சமயம், பெரிய பெயர் என்பதற்காக எதையும் மெழுகிவிடாதீர்கள். ஆள் யாராக இருந்தாலும் 0.042-ம் 0.047-ம் வேறு வேறு எண்கள்தான்.

வாய் காக்க வேண்டிய வேலை

நீங்கள் பார்ப்பது இன்னும் வெளியாகாத கட்டுரை. அதைப் பற்றி வகுப்பிலோ சமூக ஊடகத்திலோ பேசக் கூடாது. கட்டுரையாசிரியரின் மின்னஞ்சல் முகவரி தெரிந்திருந்தாலும் நீங்கள் நேரடியாக எழுதக் கூடாது, எல்லாத் தொடர்பும் தரவு ஆசிரியர் வழியாகத்தான். நிரல் புரியவில்லை என்று அதையோ தரவையோ வெளி ஏஐ சேவைகளில் கொண்டுபோய் ஒட்டும் முன் உங்கள் ஆய்வகத்தின் விதியைக் கேளுங்கள். தரவு எந்த நிபந்தனையில் வந்தது என்பதைப் பொறுத்து அது ஒப்பந்த மீறலாகவே ஆகலாம். வேலை முடிந்ததும் உங்கள் சொந்தக் கணினியில் நகல் எதுவும் தங்கியிருக்கக் கூடாது. உங்கள் பேராசிரியரின் கட்டுரையோ, தெரிந்தவரின் கட்டுரையோ உங்களிடம் வந்தால் முதலிலேயே சொல்லி விலகிக்கொள்ளுங்கள், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

திருத்தம் திரும்பி வரும்போது

அறிக்கை அனுப்பியதோடு முடியாது. ஆசிரியர் திருத்திய தொகுப்பை அனுப்புவார், அதே தொகுப்பு மறுபடி உங்களிடமோ உங்கள் சக மாணவரிடமோ வரும். இந்தச் சுற்றில், நீங்கள் சுட்டிய குறைகளின் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றும் தீர்ந்ததா என்று பாருங்கள். கிட்டில் பழைய பதிப்போடு ஒப்பிட்டால் எந்தெந்த ஃபைல் மாறியிருக்கிறது என்று உடனே தெரியும். நீங்கள் கேட்காத ஃபைல் எதுவும் மாறியிருந்தால் அதைத் தனியாகக் கவனியுங்கள். அப்புறம், மாறிய பகுதியை மட்டும் ஓட்டி நிறுத்திவிடாதீர்கள். பழைய வெளியீடுகளை அழித்துவிட்டு, காலியான ஃபோல்டரில் தொடங்கி முழுவதையும் ஒருமுறை ஓட்டுங்கள். பழைய அட்டவணை ஃபைல் அங்கேயே கிடந்தால், நிரல் அதைப் புதிதாக உருவாக்காமல் போனாலும் உருவாக்கியது போலவே தெரியும். சென்ற சுற்றில் பொருந்திய அட்டவணைகளையும் இந்த ஓட்டத்தின் வெளியீட்டோடு மறுபடி ஒப்பிட்டு, தேதியோடு அறிக்கையில் சேருங்கள்.